லண்டன் கெயார் விசாவுக்கு 55 இலட்சம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

தருமபுரத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். கணவர் மேசன் வேலை செய்கிறவர், இரண்டு பிள்ளைகள். ஏஜென்ட் ஒருவர் லண்டனுக்குக் கெயார் விசா, அதாவது முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கான விசா, எடுத்துத் தருவதாகச் சொல்கிறாராம். மொத்தம் 55 இலட்சம், முற்பணம் 15 இலட்சம், ஆறு மாதத்தில் மனைவி பிள்ளைகளையும் கூப்பிடலாம் என்பது அவருடைய பேச்சு. இன்னொரு பக்கம், கணவரின் கூட்டாளி ஒருவர் தான் வேலை செய்யும் கட்டார் கம்பெனியில் மேசன்மார் தேவை, 4 இலட்சம் கட்டினால் வரலாம் என்கிறாராம். "எது நல்லது அக்கா? காணிப் பெர்மிட்டை வைத்துக் காசு எடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

வன்னியில் ஒரு பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு மேசையில் பன்னிரண்டு வருடம் இருந்தவள் நான். இந்தக் கேள்வி வேறு வேறு ஊர்ப் பெயர்களோடு பல தடவை என்னிடம் வந்திருக்கிறது. ஒரே ஆறுதல், இம்முறை காசு கொடுக்க முன்னமே கேட்டிருக்கிறீர்கள்.

தங்கச்சி, அந்த 15 இலட்சத்தைக் கொடுக்க வேண்டாம். ஏஜென்ட் நல்லவரா கெட்டவரா என்று ஆராயவே தேவையில்லை. அவர் விற்கிற விசாவே இப்போது இல்லை.

நடந்தது இதுதான். கொரோனாவுக்குப் பிறகு பிரித்தானியாவில் முதியோரைப் பராமரிக்க ஆள் போதாமல் போனது. 2022 பெப்ரவரி 15 அன்று கெயார் வேலையை ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் சேர்த்து வெளிநாட்டவருக்குத் திறந்தார்கள். அந்த நேரம் போனவர்கள் குடும்பத்தோடுதான் போனார்கள். உங்கள் ஊரிலும் ஒன்றிரண்டு வீடு பூட்டிக் கிடக்கும், அவர்களைப் பார்த்துத்தான் இப்போது எல்லோருக்கும் ஆசை வருகிறது. பிறகு 2024 மார்ச் 11 முதல், புதிதாகப் போகும் கெயார் வேலையாள் கணவன், மனைவி, பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல முடியாது என்று சட்டம் வந்தது. 2025 ஜூலை 22 அன்று வெளிநாட்டிலிருந்து கெயார் வேலைக்குப் புதிதாக விண்ணப்பிப்பதையே மூடிவிட்டார்கள். ஏற்கெனவே அங்கே சட்டப்படி இருப்பவர்கள் இந்த விசாவுக்கு மாறுவதற்கு மட்டும் 2028 ஜூலை 22 வரை இடம் விட்டிருக்கிறார்கள். அதாவது தருமபுரத்தில் இருந்து கொண்டு உங்கள் கணவர் அதற்கு விண்ணப்பிக்க வழியே இல்லை. ஆறு மாதத்தில் நீங்களும் போகலாம் என்ற கதை 2024 மார்ச்சிலேயே முடிந்து விட்டது.

கதவு திறந்திருந்த காலத்திலும் இந்தத் தொகை நியாயமானது இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாளைக்கு வேறொருவர் வேறொரு விசாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவார்.

பிரித்தானியாவுக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்கும் முதலாளி முதலில் அந்த அரசாங்கத்திடம் ஸ்பொன்சர் லைசென்ஸ் எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஸ்பொன்சர் சான்று ஒதுக்க வேண்டும். ஏஜென்ட்மார் 'கோஸ்' என்று சொல்வது அதைத்தான். 2025 ஏப்ரல் விலைப்படி அந்தச் சான்றுக்கு முதலாளி கட்டும் காசு 525 பவுண். நம் காசுக்கு இரண்டு இலட்சத்துச் சொச்சம். அதையும் லைசென்ஸ் செலவையும் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது என்று 2024 டிசம்பர் 31 முதல் தடை இருக்கிறது. வேலையாளை எடுப்பதற்காக முதலாளி வருடா வருடக் கணக்கில் கட்டும் திறன் வரி ஒன்றும் உண்டு, அதைத் தொழிலாளியிடம் அறவிடுவது எப்போதுமே தடைதான். கெயார் விசாவுக்குப் போகிறவர் தன் கையால் கட்ட வேண்டியிருந்தது மூன்று வருடம் வரையான விசாவுக்கு 304 பவுண், காசநோய்ப் பரிசோதனை, ஆங்கிலப் பரீட்சை, விமான ரிக்கெற். மற்ற வேலை விசாக்காரர் வருடம் 1,035 பவுண் கட்டும் சுகாதார வரிகூட கெயார்காரருக்கு விலக்கு. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், ஐந்து இலட்சத்துக்குள் வரும். மீதி ஐம்பது இலட்சம் எந்த அரசாங்கத்துக்கும் போகவில்லை. முதலாளி இரண்டு இலட்சத்துக்கு எடுத்த ஒரு இலக்கத்தை இடையில் நின்ற மூன்று நான்கு பேர் கைமாற்றி விற்ற விலை அது.

இலக்கம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். ஸ்பொன்சர் சான்று என்பது பிரித்தானிய அரசாங்கத்தின் கணினியில் இருக்கும் ஒரு பதிவு. கடதாசிச் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது. ஒருநாள் முரசுமோட்டைப் பக்கமிருந்து ஓர் ஐயா வந்தார். பொலித்தீன் பையைப் பிரித்து, லெமினேட் செய்த ஒரு தாளை இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்தார். பொன் நிறத்தில் வட்ட முத்திரை, மேலே கிரீடம், நடுவில் மகனின் பெயர். பெயரில் ஓர் எழுத்து பிழை. அதைக் கடவுச்சீட்டில் உள்ளபடி திருத்த இன்னும் 75,000 ரூபா கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். அந்தத் தாளே பொய் என்று அவருக்குச் சொல்ல எனக்கு அரைமணி நேரம் எடுத்தது. இரண்டு ஏக்கர் வயலின் விலை அந்த லெமினேட்டுக்குள் இருந்தது.

ஏஜென்ட் உண்மையான கம்பெனியின் பெயரைத்தான் காட்டுவார், அதிலும் ஏமாறாதீர்கள். லைசென்ஸ் உள்ள ஸ்பொன்சர்களின் பெயர்ப் பட்டியலைப் பிரித்தானிய அரசாங்கம் தன் இணையத்தளத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. நல்லவரும் பார்க்கலாம், களவாளியும் பார்த்துப் பெயரை எடுத்துக்கொள்ளலாம். பட்டியலில் கம்பெனி இருப்பதால் உங்கள் கணவருக்கு அங்கே வேலை இருக்கிறது என்று ஆகாது.

சரி, உண்மையான விசாவில் போனவர் எல்லாம் நன்றாக இருக்கிறார்களா? எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, புதுக்குடியிருப்புப் பக்கம், 2023இல் முறையான விசாவோடு போனான். விசா உண்மை, கம்பெனி உண்மை, வேலை மட்டும் இல்லை. வாரம் 39 மணித்தியாலம் என்று எழுதியிருந்தார்கள், கொடுத்தது எட்டு, பத்து. கேட்டால் பொறு, பொறு என்றார்கள். ஒரு வருடம் முடிய முன் அந்தக் கம்பெனியின் லைசென்ஸையே அரசாங்கம் பறித்தது. முதலாளி செய்த பிழைக்கு முதலில் ஆடுவது தொழிலாளியின் விசா. அப்படி நடந்தால் வழமையாக 60 நாள் தருவார்கள், அதற்குள் வேறு ஸ்பொன்சர் கிடைக்காவிட்டால் நாட்டை விட்டு வெளிக்கிட வேண்டும். அந்தக் கடிதத்தைத் தம்பி எனக்குப் படம் பிடித்து அனுப்பினான். இரண்டு பக்கம். கடைசித் திகதி மட்டும் தடித்த எழுத்தில். இங்கே அம்மாவின் தாலிக்கொடி முதற்கொண்டு அடகில் இருந்தது. ஐம்பத்தி மூன்றாம் நாள் வேறு ஊரில் ஒரு முதியோர் இல்லம் அவனை எடுத்தது. எல்லோருக்கும் அப்படிக் கிடைக்கவில்லை.

அதனால்தான் வேலை விசா என்று யார் வந்தாலும் நான் முதலாளியைப் பற்றிக் கேட்கிறேன். விசாத் தாளில் இருப்பது போகிறவரின் பெயரும் எடுக்கிறவரின் பெயரும் மட்டுமே. ஏஜென்டின் பெயர் அதில் எங்கும் இராது. பிரச்சினை வரும் நாளில் அவருடைய தொலைபேசியும் இராது. குடும்பத்துக்கு அந்தத் தாளில் இடம் உண்டா இல்லையா என்பதும் சட்டத்தில் எழுதியிருக்கிறது. அதை ஏஜென்ட் மாற்றவும் முடியாது, வாக்குக் கொடுக்கவும் முடியாது.

நிரந்தரமாக இருப்பதைப் பற்றியும் ஒரு சொல். ஐந்து வருடம் வேலை செய்தால் நிரந்தர வதிவிடம் என்பதுதான் எல்லோர் வாயிலும் இருக்கிற கணக்கு. 2025 மேயில் பிரித்தானிய அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை அதைப் பொதுவாகப் பத்து வருடமாக்கப் போவதாகச் சொன்னது. அதே வருடம் நவம்பரில் வந்த யோசனைப் பத்திரம் கெயார் போன்ற வேலைகளில் இருப்பவர்களுக்குப் பதினைந்து வருடம் என்றது. ஏற்கெனவே போனவர்களின் நித்திரையைக் கெடுத்த செய்தி இது. புதிதாகப் போகிறவருக்கு "ஐந்து வருடத்தில் பி.ஆர்." என்று உறுதி கொடுக்கும் யாரையும் நம்பாதீர்கள்.

வேறு வேலை விசாவில் லண்டன் போகலாமா என்றால், 2025 ஜூலைக்குப் பிறகு பொதுவாகப் பட்டப்படிப்புத் தரத்து வேலைகளுக்கே இடம். சம்பளம் பொதுவாக வருடத்துக்கு 41,700 பவுணுக்குக் குறையக்கூடாது. 2026 ஜனவரி 8 முதல் ஆங்கிலப் பரீட்சையின் தரத்தையும் கூட்டிவிட்டார்கள், ஆகவே "ஐயெல்ற்ஸ் தேவையில்லை" என்கிறவரை வாசலோடு அனுப்பலாம். பட்டப்படிப்புத் தரத்துக்குக் கீழே சில தொழில்களை இடைக்காலப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள், ஆனால் அதில் புதிதாகப் போகிறவரும் குடும்பத்தைக் கூப்பிட முடியாது. பொய் ஆவணம் கொடுத்துப் பிடிபட்டால் பத்து வருடத்துக்கு விசா மறுக்கப்படும், சமர்ப்பித்தது ஏஜென்டாக இருந்தாலும் தடை உங்கள் கணவரின் பெயரில்தான் விழும். கனடாவுக்கு 'எல்.எம்.ஐ.ஏ.' வாங்கித் தருகிறேன் என்பவரும் இதே சாதிதான். முதலாளி 1,000 கனடா டொலர் கட்டி எடுக்கும் அனுமதி அது, அந்தச் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக்கூடாது என்று அங்கும் சட்டம்.

இனிக் கட்டார். இதைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம் இல்லை, ஆனால் 4 இலட்சம் என்ற சொல் குத்துகிறது.

கட்டார் சட்டப்படி ஆட்சேர்ப்புச் செலவு முதலாளியுடையது, தொழிலாளியிடம் அறவிடக்கூடாது. நம் நாட்டிலும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் உள்ள ஏஜென்சியும் பணியகம் அனுமதித்த தொகையைத்தான், அதுவும் ரசீதோடுதான் வாங்கலாம். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த பணியகம் அது, இந்த ஒழுங்குகள் எல்லாம் அதன் கீழ்தான் வருகின்றன. கணவரின் கூட்டாளி நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம், அவரும் அப்படித்தான் போயிருப்பார். ஆனால் அந்த 4 இலட்சம் யாருடைய கைக்குப் போகிறது என்று கேளுங்கள். அங்குள்ள போர்மனுக்கு என்றால் அது இலஞ்சம். இங்கே இன்னொருவருக்கு என்றால் அவருடைய லைசென்ஸ் இலக்கத்தை வாங்கி 1989க்கு ஓர் அழைப்பு எடுங்கள். அது பணியகத்தின் இலக்கம், தமிழிலும் பேசுவார்கள்.

கட்டாரில் ஒரு வசதி உண்டு. 2018இல் கொழும்பில் கட்டார் விசா நிலையம் திறந்தார்கள். போகிறவர் அங்கேதான் மருத்துவப் பரிசோதனை, கைரேகை எல்லாம் கொடுத்து, வேலை ஒப்பந்தத்தையும் வாசித்துக் கையெழுத்து வைக்கிறார். முன்னர் இங்கே ஓர் ஒப்பந்தம், அங்கே இறங்கியதும் இன்னொன்று என்று கொடுத்த கொடுமை எத்தனை எத்தனை. இந்த நிலையம் வந்ததால் அது குறைந்தது. அங்கே அவசரப்படுத்தினாலும் ஒப்பந்தத்தை வாசிக்காமல் கணவர் கையெழுத்து வைக்கக்கூடாது. 2021 மார்ச் 20 முதல் கட்டாரில் எல்லாத் தொழிலாளருக்கும் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 1,000 றியால். தங்குமிடம் முதலாளி கொடுக்காவிட்டால் மேலும் 500, சாப்பாடு கொடுக்காவிட்டால் 300. இது அடிமட்டம். பழகிய மேசனுக்கு அதற்கு மேல் கேட்கலாம், கேட்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். வேலை முடிந்து வரும்போது கிடைக்கும் சேவைப் பணம் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு, ஒரு வருடத்துக்குக் குறைந்தது மூன்று வாரச் சம்பளம். அடிப்படையைக் குறைத்துப் படியைக் கூட்டிப் போட்டால் அந்த இடத்தில் வெட்டு விழும்.

முதலாளி சரியில்லாவிட்டால் மாறலாமா? 2020இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதலாளியின் சம்மதக் கடிதம் இல்லாமலே மாறலாம். முதல் இரண்டு வருடத்துக்குள் என்றால் ஒரு மாத முன்னறிவித்தல், அதற்குப் பிறகு இரண்டு மாதம். கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதும் அங்கே குற்றம். நடைமுறையில் இன்னமும் வாங்குகிறார்கள், "பத்திரமாக இருக்கும்" என்பார்கள். கொடுக்காமல் இருக்க உரிமை இருக்கிறது என்று கணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் தங்கச்சி, கட்டார் குடும்பத்தோடு வாழப் போகும் இடம் இல்லை. மேசன் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடைக்காது. நிரந்தர வதிவிடத்துக்கு 2018இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், அதில் வெளிநாட்டில் பிறந்தவர் 20 வருடம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும், அதிலும் வருடத்துக்கு 100 பேர் என்று மட்டு வைத்திருக்கிறார்கள். நம் ஆட்களுக்கு அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம், நான்கு வருடம் என்று ஒரு கணக்கோடு போய் வரவேண்டிய இடம். சின்னவன் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது அப்பா எங்கே இருப்பார் என்று இருவரும் இருந்து பேசுங்கள். இதைச் சொல்லாமல் நான் பதில் எழுதினால் அது முழுப் பதில் ஆகாது.

போவதென்று முடிவெடுத்தால் பணியகத்தில் பதியாமல் விமானம் ஏறவேண்டாம். பதிவுக் காசை மிச்சம் பிடிக்க விசிற் விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்று யோசனை சொல்வார்கள். 2022இல் விசிற் விசாவில் ஓமானுக்குப் போன நம் நாட்டுப் பெண்களை அங்கே விற்ற செய்தி நாடு முழுக்க வந்தது. பதிந்து போனவருக்குக் காப்புறுதி உண்டு, பிள்ளைகள் பரீட்சையில் சித்தியடைந்தால் பணியகம் புலமைப்பரிசிலும் கொடுக்கிறது. எல்லாவற்றையும் விட, ஒன்று நடந்தால் தூதரகத்தில் அவருடைய பெயர் இருக்கும்.

காணிக்கு வருகிறேன். உங்களுடையது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் காணி. வன்னியில் குடியேற்றத் திட்டக் காணிகளில் மிகப்பெரும் பகுதி அப்படித்தான். அதைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்கவோ கைமாற்றவோ முடியாது. தனியாள் ஒருவர் பெர்மிட்டை வாங்கி வைத்துக்கொண்டு, வெள்ளைக் கடதாசியில் முத்திரை ஒட்டி எழுதி வாங்கினால் அந்த எழுத்துக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை. ஆனால் காசைக் கொடுத்தவர் வேலிக்குள் வந்து இருந்துவிடுவார், அவரை எழுப்ப நீங்கள் வழக்கு வழக்காக அலைய வேண்டி வரும். பெர்மிட்டை எவர் கையிலும் கொடுக்காதீர்கள். நாள் கணக்கில் ஏறும் மீற்றர் வட்டிக்கும் போகாதீர்கள். முறைப்படி போனால் கட்டாருக்கு உங்களுக்கு இருக்கும் செலவு நகையில் ஒன்றிரண்டை வங்கியில் வைத்துச் சமாளிக்கக் கூடியதுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்க்கிறேன், ஏனென்றால் நம் மாவட்டங்களில் இது இல்லாத வீடு குறைவு. 2009இல் நாங்கள் எதை எடுத்துக்கொண்டு ஓடினோம், எதை விட்டுவிட்டு ஓடினோம் என்று சொல்லத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழ் போனவர்கள், பதிவேடே இல்லாமல் போனதால் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்தவர்கள், கோயிலில் தாலி கட்டி இன்னும் பதிவுத் திருமணம் செய்யாதவர்கள் எங்களில் நிறையப் பேர். எந்த விசாவுக்கும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் திகதியும் மற்ற எல்லா ஆவணத்தோடும் ஒத்து வரவேண்டும். ஏஜென்ட் சொன்னார் என்று வயதை ஏற்றி இறக்கிக் கடவுச்சீட்டு எடுக்க வேண்டாம். மூதூரின் ரிசானா நபீக் 2005இல் சவூதிக்குப் போகும்போது பதினேழு வயதுப் பிள்ளை. கடவுச்சீட்டில் வயதை ஏற்றியிருந்தார்கள். அந்த ஏற்றிய வயது கடைசிவரை அந்தப் பிள்ளையை விடவில்லை, வேலை செய்த வீட்டில் பார்த்த கைக்குழந்தை இறந்த வழக்கில் 2013 ஜனவரி 9 அன்று மரணதண்டனை நிறைவேற்றினார்கள். எழுதும்போது இன்றைக்கும் கை கனக்கிறது.

வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு 2022இல் விதியை மாற்றி ஆகக் குறைந்த வயது 21 என்றும், இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கக்கூடாது என்றும் வைத்தார்கள். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளை யார் பார்ப்பார் என்று ஒழுங்கு காட்ட வேண்டும். கணவர் காணாமல் ஆக்கப்பட்ட சகோதரிகள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். கணவர் என்ற கட்டத்தில் எதை எழுதுவது? இறந்துவிட்டார் என்று எழுத மனம் வராது, எழுதவும் தேவையில்லை. 2016இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி மரணச் சான்றிதழ் இல்லாமலே காணாமற்போனவர் என்ற சான்றிதழ் எடுக்கலாம். உங்கள் அயலில் அப்படி ஒருவர் இருந்தால் சொல்லிவிடுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: கூட்டாளியிடம் அந்தக் கட்டார் கம்பெனியின் பெயரையும் வேலைக் கடிதத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். அதோடு கணவரின் கடவுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு கண்டாவளைப் பிரதேச செயலகத்துக்குப் போய், வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தரைக் கேளுங்கள், கணவரையும் கூட்டிப் போங்கள். கடிதம் வந்ததும் தொழில் என்ற இடத்தில் 'மேசன்' என்று இருக்கிறதா, 'லேபர்' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லேபர் என்று இருந்தால் கணவர் அங்கே எத்தனை சுவர் கட்டினாலும் அவருக்கு லேபர் சம்பளம்தான். கையெழுத்து வைக்க முன் மாற்றச் சொல்லிக் கேட்கலாம். மாற்றாவிட்டால் எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.